பிழையில்லாத கடிதம்

அந்த யோசனை எனக்கு வந்தது சலவைக்கடை வாசலில். நாடு சுதந்திரம் வாங்கிய மூன்றாவது வாரம் அது. மலாக்காவின் காஜா பேராங் சாலையில் கட்டிய தோரணங்கள் மழையில் ஊறிச் சாயம் போய்த் தொங்கிக்கொண்டிருந்தன. வெளுக்கப் போட்ட கால்சட்டையை வாங்கப் போனவன், சுவரில் கடைக்காரர் புதிதாக ஒட்டியிருந்த அட்டையைப் படித்தேன். ‘துனிகள் தொளைந்தால் கடை பொருப்பள்ள.’ நான்கு சொல், நான்கு பிழை. சட்டைப் பையில் சிவப்புப் பென்சில் இருந்தது. நின்ற இடத்திலேயே திருத்தினேன். கடைக்காரர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வந்து பார்த்தார்.

“என்னா தம்பி, அட்டைய நாசம் பண்றே?”

“நாசம் பண்ணது நீங்க. நான் ரிப்பேர் பண்றேன்.”

பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். அதுவரை நான் எழுதிய எந்தக் கட்டுரையைப் படித்தும் யாரும் சிரித்ததில்லை, அழுததும் இல்லை. கால்சட்டையை மறந்து வீட்டுக்கு ஓடினேன்.

ஆங்கிலப் பள்ளியின் கடைசிப் பரீட்சையை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்த காலம். தமிழ் இலக்கணத்தைத் தனியாக உட்கார்ந்து நெட்டுருப் போட்டிருந்தேன். அதை எதற்குப் பயன்படுத்துவது என்று தெரியாமல் இருந்தது. ஊரில் எல்லாரும் எழுதத் தொடங்கியிருந்தார்கள். கூட்ட அறிவிப்பு, வாழ்த்துப் பலகை, கடை அட்டை, எங்கு பார்த்தாலும் எழுத்து. கிடைத்த சுதந்திரத்தை முதலில் அனுபவித்தவை எழுத்துப்பிழைகள்தான் என்று சொல்லித் திரிந்தேன். அந்த வாக்கியம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வட்டாரப் படிப்பகத்தில் ஒரு பலகை மாட்டினேன். ‘இந்த வாரக் கொலைகள்’ என்று தலைப்பு. வாரம் முழுக்கப் பொறுக்கிய தாள்களை அதில் குத்தி, சிவப்புப் பென்சிலால் வட்டமிட்டிருப்பேன். தபால் குமாஸ்தாவாக இருந்த என் நண்பனுக்கு வானொலி அறிவிப்பாளர் குரல். பிழைகளை எழுதியிருந்தபடியே உச்சரித்து, ஒவ்வொன்றுக்கும் பிறகு இரங்கலுக்கு நிறுத்துவது போல நிறுத்துவான். கூட்டம் சேர்ந்துவிட்டது. பல தலைமுறைக்கு முன்பே தமிழை மறந்து மலாய் மட்டுமே பேசும் மலாக்கா செட்டி இளைஞன் ஒருவன் தவறாமல் வருவான். தமிழ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. “ஆப்பா சாலா?”, என்ன தப்பு, என்று மலாயில் பக்கத்தில் இருப்பவனைக் கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் சிரித்துவிடுவான். உண்மையில், சிரித்தவர்களில் பாதிப் பேர் அவனைப் போலத்தான். எனக்கு அது உறுத்தவில்லை. சிரிப்பு வந்தால் போதும்.

ஐந்தாவது வாரம் பலகைக்குச் சரக்குக் குறைந்தது. ஊர் உஷாராகிவிட்டது. சலவைக்கடைக்காரர் அட்டையைக் கழற்றிவிட்டார். யாரும் எதையும் எழுதி ஒட்டுவதில்லை. அதை என் வெற்றியாகவே எண்ணினேன்.

அந்த வாரம்தான் எங்கள் வீட்டுக்கு ஒரு கருமாதிக் கடிதம் வந்தது. எங்கள் தெருவுக்குப் பின்னால் தெருக் கூட்டும் தொழிலாளர்களின் லயம். ஒரே கூரைக்குக் கீழே பன்னிரண்டு அறை. அதில் எழுதத் தெரிந்தவள் ஒரே ஒருத்தி. எல்லாரும் அவளை அக்கா என்போம். விடியற்காலையில் விளக்குமாறும் கையுமாகச் சாலையில் இருப்பாள். மகள் பள்ளிக்கூடம் போன மூன்று வருடமும் மாலையில் அவள் சிலேட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மகள் போட்ட எழுத்தைத் தானும் போட்டுப் பழகியவள். பன்னிரண்டு அறைக்கும் கடிதம் எழுதுவது அவள்தான். இப்போது அவள் வீட்டுக்காரரின் அண்ணன் இறந்துபோனதால், தெரிந்த வீடுகளுக்கெல்லாம் கைப்பட எழுதிக் கொடுத்தனுப்பியிருந்தாள்.

கருமாதிக் கடிதத்தை வீட்டுக்குள் கொண்டு போகக் கூடாது. வாசலில் நின்று படித்துவிட்டு அங்கேயே கிழித்துப் போட வேண்டும். அம்மாவுக்கு நான் படித்துக் காட்டினேன். “கிழிச்சுச் சாக்கடையில போட்டுட்டுக் கால் கழுவிட்டு வா” என்று சொல்லிவிட்டு அம்மா உள்ளே போனாள். நான் கால் மட்டும் கழுவினேன். கடிதத்தில் பதினொரு பிழை இருந்தது.

ஞாயிறு காலை நண்பன் அதைப் படித்தான். ‘காலமாயிட்டாறு’ என்பதன் கடைசி எழுத்தை அவன் உருட்டிய உருட்டலில் ஒருவர் பெஞ்சிலிருந்து சரிந்தே விட்டார். “செத்தவரே எழுந்து திருத்திட்டுப் படுத்திருப்பாரு” என்றேன் நான். அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு.

படிப்பகத்துக்குள் பெண்கள் வருவதில்லை. அக்கா மட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஜன்னலுக்கு வெளியே நிற்பாள். யாராவது படித்து முடித்த பத்திரிகையை நீட்டினால் வாங்கிக்கொண்டு போவாள். அன்றும் நின்றிருக்கிறாள். சிரிப்பு ஓய்ந்தபோது அவள் உள்ளே வந்துவிட்டிருந்தாள். நேராகப் பலகைக்குப் போய், தன் தாளைச் சிவப்பு வட்டங்களோடு முழுதும் படித்தாள். அவசரப்படவில்லை.

“இத நீ கிழிக்கலியா தம்பி?”

நான் சிவப்புப் பென்சிலைச் சட்டைப் பைக்குள் தள்ளினேன்.

“வச்சிருந்தா ஆகாது. உங்க வீட்டுக்கு நல்லதில்ல.”

தாளை எடுத்து நான்காகக் கிழித்து, வாசல் சாக்கடையில் போட்டுவிட்டுப் போனாள். அவள் தலை மறைந்ததும் நண்பன் மெதுவாக, “‘ஆகாது’ன்னு சரியாத்தான் சொல்லுது. உச்சரிப்பு சுத்தம்” என்றான். மறுபடி சிரித்தோம். நானும்தான்.

அதற்குப் பிறகு அக்கா எழுதுவதை நிறுத்திவிட்டாள். லயத்தில் யார் கேட்டாலும், “எனக்கு எழுத்துத் தெரியாதுப்பா” என்பாளாம். பன்னிரண்டு அறையிலிருந்தும் கடிதம் போவது நின்றது. இது முதலில் எனக்குத் தெரியாது. ஒரு மாதம் கழித்து அவளே எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து நின்றபோதுதான் தெரிந்தது.

குளுவாங் ஊருக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் கட்டிக்கொடுத்த மகள் எட்டு மாதக் கர்ப்பிணி. வாரம் ஒரு கடிதம் போய்க்கொண்டிருந்தது நின்று போயிற்று. “நீயே எழுதிக் குடு தம்பி. புருசன் வீட்டுல நாலு பேரு பாப்பாங்க” என்றாள். குத்திக் காட்டவில்லை, நிஜமாகவே கேட்டாள். நான் பேனாவைத் திறந்தேன்.

“நீ சாப்பிடுறியா. காலு வீங்குதா. உப்பக் கொறச்சுக்க. செவப்புக் கோழி அடைக்கு ஒக்காந்திருக்கு. அவ்வளவுதான், எழுது.”

நான் எழுதினேன்: ‘அன்புள்ள மகளுக்கு அன்னை எழுதுவது. இங்கு யாவரும் நலம். நின் நலம் அறிய அவா. உடல்நிலையைக் கருத்திற்கொண்டு உணவில் உப்பைக் குறைத்துக்கொள்வாயாக.’ கோழியை விட்டுவிட்டேன். அப்படிப்பட்ட கடிதத்தில் கோழிக்கு இடமில்லை.

படித்துக் காட்டியபோது அக்கா முகம் மலர்ந்து கேட்டாள். “யாரோ பெரிய எடத்து அம்மா பேசுற மாதிரி இருக்கு” என்றாள். ஒரு பிழை கிடையாது. என் வாழ்நாளில் நான் எழுதிய மிகச் சுத்தமான பக்கம் அது.

ஐந்தாம் நாள் மகள் வந்து இறங்கினாள். பத்து பகாட் ஊரில் ஒரு பஸ் மாறி, மூவார் ஆற்றைப் படகில் கடந்து, இன்னொரு பஸ் ஏறி, தனியாக. கால் இரண்டும் செருப்புக்குள் அடங்காமல் வீங்கி, செருப்பைக் கையில் பிடித்திருந்தாள். அழுதுகொண்டே லயத்துக்குள் நுழைந்தவள், பைப்படியில் துணி துவைத்துக்கொண்டிருந்த அம்மாவைப் பார்த்துவிட்டு, பேய் பிடித்தவள் போல முதுகில் ஓங்கி அடித்தாளாம். அப்புறம் கட்டிக்கொண்டு சரிந்து உட்கார்ந்தவளை இரண்டு பேர் தூக்கியிருக்கிறார்கள்.

மாசமாக இருக்கிறவளிடம் சாவுச் செய்தியைச் சொல்ல மாட்டார்கள். நல்லபடியாக இருக்கிறார்கள் என்று வேறு யாரையாவது வைத்து எழுதி அனுப்புவார்கள். அது எல்லாருக்கும் தெரியும். எழுதியபோது எனக்கும் தெரிந்துதான் இருந்தது. என் கடிதத்தோடு அதைச் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை.

மாலையில் மகள் என்னைக் கூப்பிட்டனுப்பினாள். சுவரில் சாய்ந்து, காலைத் தலையணையில் தூக்கி வைத்திருந்தாள். அக்கா கடைக்குப் போயிருந்தாள்.

“நீதான் அந்த வாத்தியாரா?”

“வாத்தியார் இல்ல.”

“எங்கம்மா எனக்கு ‘அவா’ன்னு எழுதுமா? படிச்சதும் தெரிஞ்சிடுச்சு, அம்மா செத்துப்போச்சுன்னு. கோழிகூட இல்ல அதுல. கோழி இல்லாம எங்கம்மா ஒரு கடுதாசி போட்டதில்ல.”

கோழி அடைக்கு உட்கார்ந்திருக்கிறது என்றேன்.

“இங்கதான் பிரசவம். முப்பது நாள் கழிஞ்சதும் போயிடுவேன். அப்புறம் அம்மா எழுதாது. கேட்டா நீ நல்லா எழுதுறியாம், உங்கிட்டயே குடுக்கப்போகுதாம். உன் எழுத்த வாங்கிப் படிக்கிறதுக்கு அம்மா இல்லன்னே நெனச்சுக்கலாம் நான்.”

பலகையை மறுநாளே கழற்றிவிட்டேன். அது பெரிய காரியமில்லை. யாரும் அதைத் தேடவும் இல்லை. தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு மூன்று தடவை அக்காவிடம் போனேன். “நீங்க எழுதுங்க அக்கா, நான் பாக்க மாட்டேன்” என்றேன். “எதுக்குத் தம்பி, நீ எழுதினா சுத்தமா இருக்கு” என்று டீ போட்டுக் கொடுத்தாள். கோபம் இருந்தால் தணிக்கலாம். அவளிடம் இருப்பது என்மேல் மரியாதை. அதை என்ன செய்வது?

வழி சொன்னவள் மகள்தான். “புள்ள பொறந்ததும் குளுவாங்குக்கு எழுதணும். நான் படுத்துக் கெடப்பேன். லயத்துல வேற ஆளு இல்ல. உங்கிட்ட ஓடி வரும். அப்ப விரட்டு.”

“எப்படி விரட்டறது?”

“கருமாதிக் கடுதாசியப் படிச்சுச் சிரிச்சீங்களே. அந்த மூஞ்ச வச்சுக்கிட்டு விரட்டு. ஒனக்கு வராதா?”

வரும். இன்றோ நாளையோ என்று மருத்துவச்சி சொல்லியிருக்கிறாள். அக்கா தாளோடு வந்து நிற்பாள், ஊரிலேயே மகிழ்ச்சியான மனுஷியாக. முடியாது, எனக்கு வேறு வேலை இருக்கிறது, உன் பேரப்பிள்ளை பிறந்த செய்தியை நீயே எழுது என்று சொல்லிக் கதவைச் சாத்தப் போகிறேன். அழுதாலும் திறக்கப் போவதில்லை. எழுதிய தாளை என்னிடம் காட்டாமல் நேரே தபால் பெட்டியில் போடு என்றும் உள்ளிருந்தே சொல்வேன். காட்டினால் பிழைகளை எண்ணிவிடுவேன்.