காய்ச்சல் நாளில் ஊற்றிய தண்ணீர்

பெரியப்பா சனிக்கிழமைதோறும் ஓலைப்பெட்டியில் கருப்பட்டி மிட்டாயோடு வருவார். கையில் தருமுன் என் கழுத்தை ஒரு தரம் பார்ப்பார். சிலுவை எதுவும் தொங்கவில்லை என்றால்தான் பெட்டியைத் திறப்பார். எனக்கு அப்போது ஏழு வயது. மிட்டாய் கிடைத்தால் போதும். அம்மாதான் அவர் படியிறங்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

அப்பா தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் கயிற்றுக்கடை வைத்திருந்தார். இந்து. அம்மா கடற்கரைக் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண். இரண்டு வீட்டையும் பகைத்துக்கொண்டு கட்டிக்கொண்டவர்கள். எனக்கு எந்தச் சாமி என்பதை நான் வளர்ந்து முடிவு செய்யட்டும் என்று விட்டிருந்தார் அப்பா. யுத்தகாலத்தில் அவர் திடீரென்று இறந்துபோக, காரியம் முடிந்த கையோடு பெரியப்பா திருநெல்வேலி கோர்ட்டுக்குப் போய்விட்டார். "பிள்ள தகப்பன் மதத்துலதான் வளரணும்" என்பது அவர் வழக்கு. தீர்ப்பு வரும்வரை நான் அம்மாவிடம் இருக்கலாம், ஆனால் என்னை மதம் மாற்றும் சடங்கு எதுவும் நடக்கக் கூடாது என்று உத்தரவானது. மீறினால் பிள்ளை கைவிட்டுப் போகும் என்று வக்கீல் பச்சையாகவே சொல்லிவிட்டார்.

அம்மா கட்டுப்பட்டாள். ஞாயிறு பூசைக்கு என்னை அடுத்த வீட்டில் விட்டுவிட்டுத் தனியாகப் போனாள். பிறகு எனக்குக் காய்ச்சல் கண்டது. ஐந்தாம் நாள் மத்தியானம் டாக்டர் கையை விரித்துவிட்டார்.

"ஏளா, மாதா கோவில் சாமியாரக் கூட்டிட்டு வரட்டா?" என்றாள் அடுத்த வீட்டு அக்கா.

"வேண்டாம்க்கா. சாகக் கெடக்க பிள்ளைக்கு யாரும் ஊத்தலாம்."

ஞானஸ்நானம் இல்லாமல் செத்த பிள்ளைக்கு மோட்சம் கிடையாது என்று நம்பியவள் அம்மா. "பிதா, சுதன், இஸ்பிரீத்து சாந்து" என்று ஞானஸ்நான ஜெபத்தைச் சொல்லிச் செம்பிலிருந்து மூன்று தரம் என் தலையில் ஊற்றி, ஒரு பெயரும் வைத்தாள்.

நான் பிழைத்துக்கொண்டேன். அந்தச் சனிக்கிழமையும் பெரியப்பா என் கழுத்தைப் பார்த்துவிட்டு மிட்டாய் தந்தார். "இத யார்ட்டயும் சொல்லிராத, மக்கா" என்று அம்மா தினமும் சொன்னாள். சொல்லச் சொல்ல அது எனக்குப் பெரிய பெருமையாகிவிட்டது.

நீதிபதி என்னைத் தனியே தன் அறையில் விசாரித்தார். நல்ல மனுஷர். மாதா கோவிலுக்குப் போனாயா, ஜெபம் படித்தாயா என்று கேட்டார். இல்லை என்றேன். சிரித்தபடி பேனாவை மூடினார். அவ்வளவு நல்லவருக்கு இன்னும் ஏதாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் கெடுத்தது அம்மாவை.

"எனக்கு இன்னொரு பேரு இருக்கு. காய்ச்சல்ல அம்மா தண்ணி ஊத்தி வச்சா."

அவர் பேனாவைத் திரும்பத் திறந்தார்.

அடுத்த வாரமே நான் பெரியப்பா வீட்டில் இருந்தேன். ஒப்படைக்க வந்த அம்மா பெரியம்மாவிடம், "காய்ச்சல் வந்தா பிதற்றுவா, பயந்துராதீங்கக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். அங்கே என்னைக் குறைவில்லாமல்தான் வளர்த்தார்கள், பொய் சொல்ல மாட்டேன். இன்றுவரை திருச்செந்தூர் முருகனைத்தான் கும்பிடுகிறேன். ஆனால் கல்யாணம் ஆகும்வரை அம்மாவை என் கண்ணில் காட்டவில்லை.

கல்யாணமான பிறகு தேடிப்போய்க் கேட்டேன், என்னைப் பறிகொடுப்போம் என்று தெரியாதா என்று. கேட்கும்போது எனக்குக் கோபம்தான் இருந்தது.

"தெரியும். நீ சாகப் போறன்னுல்லா ஊத்துனேன்" என்றாள். கொஞ்ச நேரம் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "நீ கண்ணு முழிச்சப்ப எனக்குச் சந்தோசம் வரல, மக்கா. ஐயோ பொழச்சிட்டாளேன்னு பயம்தான் வந்துது. அத மட்டும் இன்னும் பாவசங்கீர்த்தனத்துல சாமியார்ட்ட சொல்லல."