அரக்குத் தொட்டி

எந்தப் பட்டறைக்குப் போனாலும் சிவராஜ் முதலில் லேப்டாப்பைத் திறக்க மாட்டான். அங்கிருப்பவர்கள் மிஷின்களை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்வான். எட்டு வருஷப் பழக்கம். வீட்டில் முதல் பட்டதாரி அவன். வேலை செய்கிறவர்களுக்குப் புரியாத பெயர்களைத் திரையில் போடுவது படித்தவன் திமிர் என்று நினைத்தான்.

செவிலிமேட்டில் பட்டு நூலுக்குச் சாயம் போடும் பட்டறைக்கு அவன்தான் கட்டுப்பாட்டுத் திரை அமைத்தான். நான்கு தொட்டிகளின் சூட்டையும் தண்ணீர் அளவையும் ஓர் அறையில் உட்கார்ந்தே பார்க்கலாம்; நீராவி வால்வுகளையும் அங்கிருந்தே திறக்கலாம். அங்கே யாரும் தொட்டிக்கு எண் சொல்வதில்லை. அரக்கு, மாம்பழம், மயில்கழுத்து, பச்சை என்று அதில் தோய்க்கும் நிறம்தான் பெயர். திரையிலும் அப்படியே எழுதினான்.

"இன்னாபா, உன் டிவி பொட்டி நம்மள மாதிரியே பேசுது," என்றார் சாயக்காரர் தேவசகாயம்.

தை மாதம் முகூர்த்தப் புடவைகளுக்கு அரக்கு நூல் நிறையக் கேட்டார்கள். அரக்கைப் பெரிய தொட்டிக்கு, அதாவது மாம்பழத் தொட்டிக்கு, மாற்றிவிட்டார்கள். வருஷா வருஷம் நடப்பதுதான். அதனால் யாரும் சிவராஜிடம் சொல்லவில்லை. அவனும் கேட்டிருக்கவில்லை.

பழைய அரக்குத் தொட்டிக்குள் கையை விட்டுத் தேவசகாயம் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். "அரக்குக்கு ஸ்டீம் வுடும்மா," என்று முதலாளி உமாபதி போனில் சொன்னார். திரையைப் பார்த்துக்கொள்ளும் ஜோதிகா அரக்கை அழுத்தினாள். முழங்கை வரை வெந்துபோனது தேவசகாயத்துக்கு.

"கண்ண எங்க வெச்சிக்கினு அழுத்தின?"

"நீங்க சொன்னதத்தான்ணா அழுத்தினேன். அரக்குன்னுதான போட்டிருக்குது."

சாயங்காலம் வந்த சிவராஜ் பதிவுகளைத் திறந்து பார்த்தான். அவள் அழுத்தியது சரி. அந்தப் பெயரைப் பழைய தொட்டியின் வால்வோடு நிரந்தரமாக இணைத்து வைத்தவன் அவன்.

"சிஸ்டத்துல எதுனா கோளாறாபா?" என்றார் உமாபதி.

"இல்லண்ணா. அழுத்தினதத்தான் அது செஞ்சிருக்குது."

அது பொய்யில்லை என்று அன்றைக்குத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ஜோதிகாவை மறுநாளே வேலையைவிட்டு நிறுத்தினார்கள்.

அடுத்த வாரம் தொட்டிகளில் எண் எழுதவைத்தான். எந்தத் தொட்டியில் எந்த நிறம் என்பதைத் தினமும் காலையில் திரையில் பதிய வேண்டும் என்று மாற்றினான். மூடி திறந்திருந்தால் நீராவி வராதபடி பூட்டும் வைத்தான். உமாபதி மெச்சிக்கொண்டு இன்னும் இரண்டு பட்டறைக்காரர்களிடம் அவனைப் பற்றிச் சொல்லிவிட்டார்.

பங்குனிக்குள் தேவசகாயத்தின் கை ஆறிவிட்டது. சிவராஜ் இப்போது ஒரகடத்தில் பெரிய கம்பெனியில் இருக்கிறான். ஜோதிகா காந்தி ரோட்டில் ஒரு கடையில் புடவை மடிக்கிறாள். "அந்தப் பொண்ணு தப்பா அழுத்திட்ச்சு," என்றுதான் உமாபதி இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவருடைய நம்பர் சிவராஜிடம் இருக்கிறது. இதுவரை அவன் கூப்பிடவில்லை.