ஆறு நிமிஷ பில்

தொண்ணூறுகளில் ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தேன். மனைவி தலைப்பிரசவத்துக்காகத் தென்காசியில் அவள் அம்மா வீட்டில் இருந்தாள். புதன்கிழமை எங்களுக்கு வார லீவு. அன்று சரோஜா அக்காவின் எஸ்.டி.டி. பூத்திலிருந்து, மாமியாரின் பக்கத்து வீட்டு போனில் காத்திருக்கும் அவளிடம் பேசுவேன். போலியோவில் கால் பாதிக்கப்பட்ட அக்காவுக்கு அரசாங்கம் ஒதுக்கிய பூத் அது.

ரெண்டு நிமிஷம் பேசினால் ஆறு நிமிஷத்துக்கு பில் வந்தது. மூன்று வாரம் பொறுத்துப் பார்த்தேன். பிறகு, மீட்டரில் ஏமாற்றுகிறார் என்று தொலைபேசி இலாகாவுக்கு எழுதிப் போட்டுவிட்டேன்.

ஒரு புதன்கிழமை அதிகாரி வந்தார். புகார் உண்மையென்றால் பூத்தையே எடுத்துவிடுவார்கள். “எப்பவும் போலப் பேசுங்க,” என்று என்னிடம் சொல்லிவிட்டு, அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார்.

பேசி முடித்தேன். மீட்டரும் ஆறு நிமிஷம், கடிகாரமும் ஆறு நிமிஷம்.

“நீங்க பேசினது ரெண்டு நிமிஷந்தான் தம்பி. மீதி நேரம் சும்மாதானே நின்னீங்க? அதுக்கும் மீட்டர் ஓடுமில்ல?” என்றார் அதிகாரி.

“வாராவாரம் இப்படித்தான் சார்,” என்றார் அக்கா. “லைன் கட்டாயிடுச்சோன்னு மொதல்ல எட்டிப் பாத்தேன். கண்ண மூடிக்கிட்டு ரிசீவர காதுல வெச்சிருந்தாரு. அப்புறம் நான் பாக்கறதே இல்ல.”

அக்கா வழக்கம்போல பில்லைக் கிழித்து நீட்டினார்.

அந்த நாலு நிமிஷமும் மறுமுனையில் என் மனைவி மூச்சு விடுவது கேட்டுக்கொண்டே இருந்தது. அதற்கு அக்கா ஒரு பைசாகூட அதிகம் வாங்கவில்லை.