இருநூறு மீட்டர் பலகை

நீங்கள் நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி. இது எனக்கு நடந்தது. சாட்சிக்கு ஆள் யாரும் இல்லை, ஓர் இயந்திரம் மட்டும் இருக்கிறது. ஆனால் அது சொல்லும் சாட்சி வேறு.

நான் ஒரு கார் கம்பெனியில் சோதனை ஓட்டுநர். நின்ற இடத்திலிருந்து மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தைப் புதுக் கார் எத்தனை விநாடியில் தொடுகிறது என்று அளப்பதுதான் என் பிழைப்பு. கேட்க ஜாலியாக இருக்கும். நேரான ஒரே பாதையில் அழுத்து, நிறுத்து, திரும்பு, மறுபடியும் அழுத்து. செக்குமாட்டுக்காவது வளைவு உண்டு.

காற்று லேசாக முதுகைத் தள்ளினாலும் அளவு பொய்யாகிவிடும். அதனால் காற்று எழும் முன், விடியற்காலையிலேயே ஓட்டிவிடுவோம். போகும்போது ஓர் ஓட்டம், திரும்பும்போது ஓர் ஓட்டம், இரண்டின் சராசரிதான் கணக்கு. முன்கண்ணாடியில் ஒட்டிய கருவி வேகம், நேரம், தூரம் எல்லாவற்றையும் பதிந்துகொள்ளும். பக்கத்து சீட்டில் ஒருவர் உட்கார்ந்தே ஆக வேண்டும் என்பது விதி. எனக்கு அந்த ஒருவர் என் மனைவியின் தம்பி. எடை ஐம்பத்து நான்கு கிலோ. கம்பெனி முழுக்க அவனுக்குப் பெயர் குண்டூசி.

அன்று எங்கள் இருவருக்கும் கடைசி வாய்ப்பு. தலைமைப் பொறியாளர் முந்தின மாலையே சொல்லிவிட்டார். “நாளைக்குக் காலையில பத்து செகண்டுக்குள்ள வரணும். வரலைன்னா நாளன்னைக்கு நீங்க ரெண்டு பேரும் வர வேண்டாம்.” எங்கள் வீட்டில் உலை கொதிப்பது இந்த இரண்டு சம்பளத்தில்தான். இரவு முழுக்க நான் தூங்கவில்லை.

காலை 5.10. முதல் ஓட்டம். 10.9 விநாடி.

5.19. திரும்பும் ஓட்டம். 10.2.

“என்ன மாமா, போறப்ப மட்டும் இவ்ளோ இழுக்குது?” என்றான் குண்டூசி.

காற்றுமானி அசையாமல் நின்றது. பாதையில் மேடு பள்ளம் கிடையாது. டயர்களில் காற்றைப் பார்த்தேன், சரியாக இருந்தது. இன்னும் இரண்டு முறை ஓட்டினோம். அதே 10.9, அதே 10.2. பயம் வந்தது. பேயை நினைத்து அல்ல, வேலையை நினைத்து.

“நீ இறங்கிடு” என்றேன்.

“விதி இருக்கே மாமா?”

“யார் பார்க்கப் போறா? எடை குறைஞ்சா போதும்.”

அவன் வாக்கி-டாக்கியை எடுத்துக்கொண்டு, தொடக்கக் கோட்டுக்கு முன்னால் இருந்த இருநூறு மீட்டர் பலகை வரை நடந்து போய் ஓரமாக நின்றான்.

5.47. போகும் ஓட்டம், 10.4. அடுத்தது திரும்பும் ஓட்டம், 9.7. சராசரி பத்தை ஒரு மயிரிழை தாண்டி நின்றது. நான் ஸ்டீயரிங்கில் ஓங்கிக் குத்தினேன்.

வாக்கி-டாக்கியில் அவன் குரல் கேட்டது. “மாமா... போறப்ப மட்டும் வண்டியில இன்னொரு ஆள் ஏறிக்கிற மாதிரி இருக்கு கணக்கு.”

“வாயை மூடு” என்றேன்.

6.05. தொடக்கக் கோட்டில் காரை நிறுத்தினேன். போகும் ஓட்டம் ஒன்று நன்றாக வந்துவிட்டால் போதும், பிழைத்தோம்.

டிங்... டிங்... டிங்...

சீட் பெல்ட் போடச் சொல்லும் மணி. நான் பெல்ட் போட்டிருந்தேன். திரையில் பக்கத்து சீட்டுக்கான சிவப்பு விளக்கு எரிந்தது. சீட்டில் ஆள் உட்கார்ந்தால்தான் அது எரியும்.

சீட் காலியாக இருந்தது.

ஆனால் மெத்தை நடுவில் அமுங்கியிருந்தது...

எனக்கு ஓடத் தோன்றவில்லை. அழத்தான் தோன்றியது. இவ்வளவு பாடுபட்டு, கடைசியில் இதனாலா எங்கள் சோற்றில் மண் விழ வேண்டும்? கையெடுத்துக் கும்பிட்டேன்.

“யாரா இருந்தாலும் சரிங்க... இறங்கிடுங்க. ரெண்டு பேரோட பொழப்பு இது. தயவு பண்ணி இறங்கிடுங்க.”

மணி நின்றது.

மெத்தை மெல்ல மேலே எழும்பியது.

டப். கார்க் கதவைச் சாத்தும் சத்தம். கதவோ திறக்கவே இல்லை.

6.09. அழுத்தினேன்.

கார் பறந்தது. அறுபது... எழுபது... எண்பத்தைந்து...

பலகைக்கு நேராக, பாதை நடுவில் குண்டூசி.

வலது கை மட்டும் பக்கவாட்டில் நீண்டிருந்தது. யாரோ பிடித்து இழுத்து நிறுத்தியதுபோல.

தொண்ணூற்றிரண்டு.

இன்னும் எட்டு வந்தால் வேலை மிஞ்சும்.

சத்தியமாகச் சொல்கிறேன்... ஒரு கணம் யோசித்தேன்.

பிரேக்கை மிதித்தேன்.

டயர் அலறியது. கண்ணை மூடிக்கொண்டேன்.

திறந்தபோது அவன் முழங்காலுக்கும் காருக்கும் நடுவில் ஒரு சாண்தான் இருந்தது. பாய்ந்து போய் அவனைக் கட்டிக்கொண்டேன். அவன் உடம்பு சில்லென்று இருந்தது.

“ஓரமாத்தான் மாமா நின்னேன்” என்றான். “யாரோ வந்து கையைப் பிடிச்சாங்க.”

வேலை போனால் போகட்டும் என்று அவனை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டேன்.

மறுநாள் கணக்கு தீர்க்கப் போனபோது, ஆவண அறை அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் முகம் மாறியது.

“மூணு வருஷம் முன்னாடி இதே பாதையிலதாங்க. நேரம் குறையணும்னு பக்கத்துல இருந்தவரை இறக்கி விட்டுட்டு ஓட்டினாங்க. அவர் இருநூறு மீட்டர் பலகைகிட்ட நின்னாரு. வண்டி விலகி அவரை அடிச்சிருச்சு. அதுக்கப்புறம்தான் ரெண்டு பேரும் உள்ளேயே இருக்கணும்னு விதி போட்டாங்க.”

அப்போது தலைமைப் பொறியாளரே என்னைத் தேடி வந்து தோளில் தட்டினார். “9.6! கலக்கிட்டீங்க. உங்க ரெண்டு பேருக்கும் வேலை நிரந்தரம்.”

“சார், அந்த ஓட்டம் செல்லாது. நான் தொண்ணூத்திரண்டுலயே பிரேக் போட்டுட்டேன்.”

அவர் சிரித்துக்கொண்டே திரையைக் காட்டினார். 6.09 மணி ஓட்டம். வேகக்கோடு எங்கேயும் இறங்காமல் நேராக ஏறியிருந்தது. 9.6 விநாடியில் நூறு. நானூறு மீட்டர் வரை பிரேக் தொடப்படவே இல்லை.

இருநூறு மீட்டர் பலகையைக் கார் கடந்திருக்கிறது. அப்போது வேகம் 107.

குண்டூசி இப்போதும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறான். சாப்பிடும்போது ஏன் தம்பியின் முகத்தைப் பார்க்க மாட்டேன் என்கிறீர்கள் என்று மனைவி கேட்டுக்கொண்டே இருக்கிறாள். அந்த வேகக்கோட்டைப் பற்றி நான் இருவரிடமும் இன்னும் சொல்லவில்லை.