கிணறு போல இறைத்த ஹீட்டிங்

மூன்று குளிர்காலம் எங்கள் அறை மட்டும் சூடேறவில்லை. பழியை மட்டும் வருடா வருடம் என் தலையில் போட்டார்கள்.

வெக்ஸ்போர்டில் என் கணவரும் அவருடைய தமையனும் சேர்ந்து வாங்கிய பழைய வீடு அது. பொயிலரில் சூடாகும் தண்ணீர், சுவரோரம் நிற்கும் இரும்பு ரேடியேட்டர்களுக்குள் ஓடி அறைகளைச் சூடாக்க வேண்டும். அதெல்லாம் தமையனின் பொறுப்பு. வேறு யாரும் கை வைக்கக் கூடாது. நான் அவரைப் பெரியத்தான் என்று கூப்பிடுவேன்.

முதல் வருடம் என் திரைச்சீலை பிழை என்றார். அடுத்த வருடம் நான் கட்டில் போட்ட இடம் பிழை. மூன்றாம் வருடம் குழந்தை பிறந்திருந்தது. "பிள்ளை, நீர் ஈர உடுப்பை ரேடியேட்டருக்கு மேலை போட்டால் அறை எப்பிடிச் சுடும்?" என்றார், சாப்பாட்டு மேசையில், எல்லோருக்கும் கேட்க. குழந்தை இரண்டு தொப்பி போட்டு மூக்கொழுக என் மடியில் இருந்தது. கணவர் குனிந்து சோற்றைப் பிசைந்தார்.

யாரிடமும் சொல்லாமல் ஹீட்டிங் திருத்தும் தமிழர் ஒருவரைக் கூப்பிட்டேன். அவர் வரும் நாளையும் வேண்டுமென்றேதான் பார்த்து வைத்தேன்: மார்க்கம் நகரத்திலிருந்து பெரியத்தானின் சம்பந்தி வீட்டார் மதியச் சாப்பாட்டுக்கு வரும் சனிக்கிழமை.

பேஸ்மென்ட்டில் அவர் குழாயைத் திறந்ததும் கன்னங்கரேலென்று சேறு வந்தது. சம்பந்திமார் படியில் நின்று எட்டிப் பார்த்தார்கள்.

"உதுக்குள்ளை புதுத் தண்ணி விடுறது ஆர்?" என்று கேட்டார் வந்தவர்.

"நான்தான்," என்றார் பெரியத்தான் பெருமையாக. "வருசா வருசம் முழுக்க இறைச்சுப்போட்டு நல்ல தண்ணி விடுறனான். ஊரிலை கிணறு இறைக்கிறேல்லையே, அப்பிடி."

"அண்ணை, உது கிணறில்லை. புதுத் தண்ணி விட விட உள்ளுக்கை இரும்பு துருப்பிடிச்சுக் கறள் கட்டும். அந்தக் கறள்தான் இந்தச் சேறு. கடைசி அறையிலை போய் அடைஞ்சு கிடக்கு."

"அது ஆற்றை அறை, தம்பி?" என்றேன். எனக்கா தெரியாது.

"உங்கடை அறைதான், அக்கா."

"படியிலை நிக்கிறவையளுக்குக் கேக்கேல்லைப் போல. இன்னொருக்காச் சொல்லுங்கோ."

சொன்னார். நான் நிரம்பிய வாளியைப் பெரியத்தானிடம் நீட்டினேன். "இதைக் கொண்டுபோய் ஊத்துங்கோ, அத்தான்." வாளி தளும்பி வெள்ளைச் சேட்டெல்லாம் கறுப்பாக அவர் படியேறியதைப் பார்க்க அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு. வெட்கப்படவில்லை.

வந்தவர் சேற்றையெல்லாம் கழுவி எடுத்துவிட்டுப் போக, பின்னேரம் அறை சுட்டது. குழந்தையின் தொப்பிகளைக் கழற்றிக்கொண்டிருந்தேன். கணவர் கதவடியில் வந்து நின்றார்.

"பாவம் அண்ணை. சம்பந்தியளுக்கு முன்னாலை அப்பிடிச் செய்திருக்கத் தேவையில்லை," என்றார். "போன வருசம் பொயிலர் பாக்க வந்தவனும் புதுத் தண்ணி விடக் கூடாதெண்டுதான் சொன்னவன். அண்ணையிட்டை எப்பிடிச் சொல்லுறதெண்டு நான் விட்டிட்டன்."

பெரியத்தான் தெரியாமல் செய்தவர். அவர் கணக்கு அந்த வாளியோடு தீர்ந்தது. இவருடையது இன்றைக்கும் தீரவில்லை.