யாகப்பன் தன் காரின் பெயரைக் கழற்றிய வரலாறு

மின்சாரத் துறையில் இருபத்திரண்டு ஆண்டுகள் வீடு வீடாகப் போய் மீட்டர் கணக்கெடுத்த யாகப்பன், காரைக்காலில் யாரையும் காரணமில்லாமல் சந்தேகித்ததில்லை. காரணம் கிடைக்கும்வரை பொறுமையாகச் சந்தேகிப்பார். பால்காரர் ஒருநாள் தண்ணீர் கலக்காமல் ஊற்றிவிட்டார் என்பதற்காக, "இன்னிக்கு ஏன் கலக்கல?" என்று அரைமணி நேரம் விசாரித்தவர்.

இப்பேர்ப்பட்டவருக்கு 1978இல் ஒரு கார் வந்து சேர்ந்தது. மனைவி சகாயம்மாளின் அண்ணன் லூர்துநாதன் குடும்பத்தோடு பிரான்சுக்குக் குடிபோனபோது, தன் சாம்பல்நிற அம்பாசிடரைத் தங்கை வீட்டுக்காரர் பேருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். சும்மா கொடுப்பானா என்று யாகப்பன் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை. அது இன்னும் மோசமாகப் பட்டது.

அந்த வருஷக் கடைசியில், கோவில் வாசலில் நின்ற டாக்டர் காரின் முகப்புச் சின்னத்தை யாரோ பெயர்த்துக்கொண்டு போனார்கள். யாகப்பன் இரண்டு நாள் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு யோசித்து, திருடன் எடுப்பதற்கு முன் நாமே எடுத்துவிடுவது என்ற முடிவுக்கு வந்தார்.

கொல்லைக் கதவைச் சாத்தி, வண்டியைச் சுற்றி நான்கு போர்வை கட்டி, வேலை தொடங்கியது. மொத்தம் நான்கு உருப்படி. முகப்பில் ஒரு சின்னம். பின்பக்கம் 'அம்பாசிடர்' என்ற பெயர். அதன் கீழே 'மார்க்' என்று ஒன்று. பக்கத்தில் இரண்டாம் எண்ணுக்கு அடையாளமாக ஓர் இரட்டைக் கோடு. பின்னால் இருந்தவற்றுக்கு டிக்கியின் உட்பக்கம் சின்னச் சின்ன நட்டுகள். உப்புக்காற்றில் அவை துருவேறிக் கிடந்ததால், மண்ணெண்ணெய் ஊற்றி ஒருநாள் ஊறப்போட்டுத் திருகினார். முகப்புச் சின்னத்தை மச்சான் ஏதோ கெட்டிப் பசையால் ஒட்டியிருந்தார். அதற்கென்று மீனவர் ஊரான கருக்களாச்சேரிக்குச் சைக்கிளில் போய், கொடி கட்ட என்று பொய் சொல்லி, மீன் பிடிக்கிற தங்கூசி நரம்பு இரண்டு முழம் வாங்கிவந்தார். வெந்நீரில் நனைத்த துணியைச் சின்னத்தின் மேல் போட்டுச் சூடேற்றி, நரம்பைப் பின்னால் கொடுத்து, இருபக்கமும் பிடித்து ரம்பம் போல் இழுத்தார். சின்னம் கையோடு வந்தது. ஓட்டைகளை மெழுகுவத்தி உருக்கி அடைத்தார்.

தடம்தான் போகவில்லை. சுற்றிலும் வெயிலில் வெளுத்த பெயிண்டு. பெயர் இருந்த இடத்தில் மட்டும் புதுக் கருக்கோடு அதே பெயர். பல்பொடி போட்டு ஒரு வாரம் தேய்த்தார். தடம் இன்னும் பளிச்சென்று ஆனது.

பக்கத்துவீட்டுத் தெட்சிணாமூர்த்தி சுவருக்கு மேல் தலையை நீட்டினார்.

"என்ன யாகப்பரே, வண்டிக்குப் பேரு பிடிக்கலையா?"

"தொடைக்கிறேன்."

"போர்வ கட்டியா?"

"தூசி வருது."

"நாகப்பட்டினம் பக்கம் ஏதும் சரக்கு போவுதோன்னு கேட்டேன். பேரில்லாத வண்டின்னா வசதிதான்."

காரைக்காலில் புட்டி தாராளம், எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக்குள் போனால் மதுவிலக்கு என்றிருந்த காலம் அது. ஒரே வாரத்தில் தெரு முழுக்க யாகப்பனைச் சந்தேகித்தது. அவர் வருத்தப்படவில்லை. ஊருக்கு இப்போதாவது புத்தி வந்ததே என்று நினைத்துக்கொண்டார்.

நான்கு உருப்படிகளையும் பழைய வேட்டியில் சுற்றி, பதினோரு முடிச்சுப் போட்டு, இரும்புப் பெட்டியில் வைத்தார். ஆனால் பழைய பித்தளைக்குப் பேரீச்சம்பழம் நிறுத்துக் கொடுக்கிற அல்லா பிச்சை, அவர் வீட்டு வாசலில் மட்டும் இரண்டு தடவை கூவினார். யாகப்பன் மனைவியைப் பார்த்தார். மனைவி கூரையைப் பார்த்தாள். அன்றே காரின் பின்கதவு உள்தகட்டைக் கழற்றி, மூட்டையை அதற்குள் போட்டுத் திருகிவிட்டார். முடிச்சுகளை எண்ணினார், பதினொன்றும் சரி. முடிச்சைச் சந்தேகித்தவர் துணியைச் சந்தேகிக்கவில்லை.

1979 பிப்ரவரியில் ஒரே மகள் ஜெயமேரிக்கு நாகப்பட்டினத்தில் கல்யாணம். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிப் பூசை. மறுநாள் விபூதிப் புதன்; தவக்காலம் தொடங்கிவிட்டால் ஈஸ்டர் வரை கல்யாணம் கிடையாது. பூசை தவறினால் மாப்பிள்ளை வீட்டாருக்கு யோசிக்க நாற்பது நாள் கிடைக்கும். யோசிக்கிறவர்களை யாகப்பன் நம்புவதில்லை.

கோட்டுப் போட்டுக்கொண்டு அவரே ஓட்டினார். பின்னால் வெள்ளைச் சேலையில் ஜெயமேரி, சீர்த்தட்டோடு சகாயம்மாள். எல்லைச் சாவடியில் அதிகாரி கையைக் காட்டினார்.

"என்ன வண்டிங்க இது?"

"அம்பாசிடர் சார்."

"எங்க போட்டிருக்கு?"

"எடுத்துட்டேன். திருடிட்டுப் போயிடுவான்னு."

"அதுனால நீங்களே திருடிட்டீங்க."

அதிகாரி வண்டியைச் சுற்றிவந்து பின்கதவைத் தட்டினார். உள்ளே ஏதோ குலுங்கியது.

"உள்ள என்ன?"

யாகப்பன் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். சொன்னால் ஒளித்த இடம் அவளுக்குத் தெரிந்துபோகும்.

"தனியா வாங்க சார், சொல்றேன்."

அதிகாரி முகம் மாறியது. "தனியா பேசுற ஆளு நான் இல்ல. கழட்டுய்யா கதவ."

மணி ஒன்பது பத்து. "அப்பா, சொல்லித் தொலைங்களேன்," என்றாள் ஜெயமேரி. தகட்டைக் கழற்றியதும் மூட்டை வந்தது. பதினோரு முடிச்சுக்கும் சாவடிக் காவலர் இருவரின் நகங்கள் செலவாயின. உள்ளே புட்டி இல்லை. சின்னம், பெயர், மார்க். மூன்றே.

"வண்டிப் புத்தகத்துல மார்க் ரெண்டுன்னு இருக்கு. அந்த ரெண்டு எங்க?"

அதிகாரி ஒவ்வொன்றாக எடுத்து வண்டியின் தடத்தில் வைத்துப் பார்த்தார். கச்சிதமாகப் பொருந்தின. இரட்டைக் கோட்டுக்கு உருப்படி இல்லாவிட்டாலும் தடம் இருந்தது. எந்தப் பல்பொடிக்கும் மசியாத அதே தடம்.

"வண்டி இதான். கெளம்புங்க, கல்யாணத்துக்கு நேரமாவுது."

யாகப்பன் நகரவில்லை. "ஒண்ணு திருட்டுப் போயிருக்கு சார். எழுதிக்குங்க."

"யோவ், போய்யா."

"எழுதாம போமாட்டேன்."

மணி ஒன்பதரை. ஜெயமேரி அழ ஆரம்பித்தாள். சகாயம்மாள் சீர்த்தட்டின் மூடுதுணியை விலக்கினாள். தேங்காய், வாழைப்பழம், நடுவில் ஒரு குவியல் பேரீச்சம்பழம்.

"நாந்தாங்க போட்டேன். வேட்டி மூலையில கிழிசல் இருந்துச்சு. ஓட்டச் செம்போட சேத்து அந்தக் கோட்டையும் போட்டேன். சீர்தட்டுல பேரீச்சம்பழம் இல்லாம சம்பந்தி வீட்டுல என்னாத்த நீட்டுறது?"

யாகப்பன் பேரீச்சம்பழத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அவர் முகம், இருபத்திரண்டு ஆண்டுகளில் யாரும் பார்த்திராதபடி, மெல்ல மலர்ந்தது.

"நெனச்சேன்," என்றார். "அன்னிக்கே நெனச்சேன் சார்." அதிகாரியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். வண்டியில் ஏறினார். அம்பாசிடர் அந்த வேகத்தில் போகும் என்று லூர்துநாதனுக்கே தெரிந்திருக்காது.

பூசைக்கு ஆறு நிமிடம் இருக்கையில் போய்ச் சேர்ந்தார்கள். கல்யாணம் நடந்தது. சீர் வாங்கிய சம்பந்தி தட்டிலிருந்து ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்து வாயில் போட்டு, நல்ல பழம், எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டார்.

சம்பந்தி விழுங்கும்வரை, அவர் பல்லில் ஏதாவது தட்டுப்படுகிறதா என்று யாகப்பன் பார்த்துக்கொண்டிருந்தார்.