பெரகல ஏற்றத்தில் நான் ஊற்றிய தண்ணீர்

சபையில் எல்லாரும் என்னை லொறிக்காரச் செல்வம் என்றுதான் அழைப்பீர்கள். போன வருடம் அந்த லொறி என் கையை விட்டுப் போக இருந்தது. ஆண்டவர் அதை எப்படித் திருப்பித் தந்தார் என்று சபைப் பத்திரிகைக்கு எழுதும்படி போதகர் கேட்டார். இதில் உங்களுக்குத் தெரியாத ஒரு பகுதி இருக்கிறது. அதையும் சேர்த்து எழுத விட்டால்தான் எழுதுவேன் என்று அவரிடம் சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

ஈஸ்டர் முடிந்து இரண்டாவது செவ்வாய்க்கிழமை. மொனராகலையில் வாழைக்காயும் பூசணியும் ஏற்றிக்கொண்டு, வெல்லவாய வழியாக பெரகல ஏற்றத்தில் வந்துகொண்டிருந்தேன். காலை பத்து மணி இருக்கும். கண்ணாடியில் பார்த்தால் பின்னால் ஒரே வெள்ளை. பனி இறங்கிவிட்டது என்று நினைத்தேன். பனி இல்லை, என் லொறியின் புகை. இரண்டு தடவை குலுங்கிவிட்டு இன்ஜின் நின்றது. சாவியைத் திருப்பினால் டக் என்ற சத்தத்தோடு சரி. வாங்கிப் பதினொரு மாதம்கூட ஆகாத புது லொறி. ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். ஐம்பத்திரண்டு வயது ஆண்பிள்ளை நடுரோட்டில் அழுவதை பஸ்ஸில் போனவர்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள்.

அந்த லொறி எங்களுக்கு என்ன என்று சொல்ல வேண்டும். என் மனைவி ஸ்டெல்லா நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் இருபத்தேழு வருடம் கொழுந்து எடுத்தவள். இரண்டு முழங்காலும் போய்விட்டன. புது லொறி வாசலுக்கு வந்த அன்றைக்கு, "இனிமே நீ பெரட்டுக்குப் போக வேணாம்" என்று அவளிடம் சொன்னேன். விடியற்காலையில் பெயர் கொடுக்கப் போய் வரிசையில் நிற்கும் அந்த வாழ்க்கை முடிந்தது என்று சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. இப்போது லொறி செத்துவிட்டது. ஓடாத லொறிக்குத் தவணை கட்ட முடியாது, கடன் கொடுத்த லீசிங்காரர்கள் அதைக் கொண்டுபோய்விடுவார்கள். மறுநாள் காலை ஸ்டெல்லா பரணிலிருந்து கொழுந்துக் கூடையையும் இடுப்பில் கட்டும் படங்கையும் எடுத்துத் தூசி தட்டி வெயிலில் காயப்போட்டாள். அதைப் பார்த்ததும் என் உயிரே போய்விட்டது.

வாரண்டி இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் இருந்தது. அந்தத் தைரியத்தில் லொறியைக் கட்டி இழுத்துக்கொண்டு பதுளையில் உள்ள கம்பனி கராஜில் விட்டேன். அங்கே தலைமை மெக்கானிக்கான போர்மன் ரேடியேட்டரைத் திறந்து, உள்ளே இருந்ததை ஒரு கண்ணாடிப் போத்தலில் பிடித்து வெளிச்சத்தில் காட்டினார். ரோஸ் நிறத்தில் இருக்க வேண்டிய, இன்ஜினைக் குளிர வைக்கும் கூலன்ட், கழுவி ஊற்றிய தண்ணீர் மாதிரி வெளுத்திருந்தது.

"சும்மா தண்ணி ஊத்தி ஓட்டியிருக்கீங்க. இதுக்கு வாரண்டி இல்லங்க."

"ஒரு சொட்டு ஊத்தல" என்றேன்.

சொன்னது பொய். இதுதான் உங்களுக்குத் தெரியாத பகுதி.

என் பழைய லொறியை உங்களில் பலருக்கு நினைவிருக்கும். கிழவி என்றுதான் நாம் எல்லாரும் அதற்குப் பெயர் வைத்திருந்தோம். அவள் உறுமுகிற சத்தம் அடுத்த மலை வரைக்கும் கேட்கும். அந்தச் சத்தம் கேட்டுத்தான் லயத்து வீடுகளில் தேநீருக்குத் தண்ணீர் வைப்பார்கள். வெல்லவாய ஆராதனைகளுக்கு நம் சபை முழுவதும் அவள் முதுகில்தான் போய் வந்தது. திரும்பி வரும்போது பெரகலைக்குக் கொஞ்சம் கீழே, பாறையிலிருந்து தண்ணீர் விழும் பீலியில் கட்டாயம் நிற்க வேண்டும். கிழவிக்குத் தாகம் எடுத்துவிடும். ரேடியேட்டர் ஆறும்வரை நீங்கள் பாட்டுப் பாடுவீர்கள். மூன்று பாட்டு முடிந்தால் மூடியைத் திறக்கலாம். என் ஊழியக் கணக்கு அதுதான். குளிரில் கை விறைக்க விறைக்கத் தாளம் போட்ட அந்தச் சாயங்காலங்கள் மாதிரி இனி எனக்கு வராது.

புது லொறிக்கு அப்படி நிற்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் அந்த வளைவு வந்தால் கால் தானாக பிரேக்கைத் தேடும். வாங்கிய முதல் வாரமே நிறுத்திப் பார்த்தேன். தண்ணீர் கொஞ்சம் குறைந்திருந்தது. லொறி என்றால் தண்ணீர் குடிக்கத்தானே செய்யும்! இருபது வருடம் கிழவியோடு குடும்பம் நடத்தியவனுக்கு அதில் சந்தேகமே வரவில்லை. பீலியில் ஒரு போத்தல் பிடித்து ஊற்றி, ஒரு சின்ன ஜெபமும் செய்துவிட்டு ஏறினேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு பயணமும் அப்படித்தான். ஸ்டெல்லா கூட வரும் நாளில் அவளே இறங்கித் தண்ணீர் பிடித்துக் கொடுப்பாள்.

கம்பனியிலிருந்து மறுப்புக் கடிதம் வந்தது. நான் விடவில்லை. கராஜுக்குப் போய்ச் சத்தம் போட்டேன், மேலே எழுதிக் கொடுத்தேன். கொழும்பிலிருந்து ஒரு இன்ஜினியர் வந்து பார்ப்பார், அவர் சொல்வதுதான் முடிவு என்றார்கள். அந்த வெள்ளிக்கிழமைதான் சபையில் எழுந்து நின்று உங்களிடம் சொன்னேன். நான் ஒன்றும் ஊற்றவில்லை, கம்பனி என்மேல் அநியாயமாகப் பழி போடுகிறது என்று சொன்னேன். நீங்கள் அப்படியே நம்பினீர்கள். எனக்காக உபவாசம் இருந்தீர்கள். வேலைவிட்டு வந்த அக்காமார் வெறும் வயிற்றோடு முழங்காலில் நின்று, செல்வத்துக்கு நியாயம் கிடைக்கட்டும் என்று கண்ணீர் விட்டு ஜெபித்தார்கள். அதைக் கேட்டுக்கொண்டு கல் மாதிரி நின்றேன்.

வீட்டுக்கு வந்ததும் ஸ்டெல்லா கஞ்சியை வைத்துவிட்டு என் எதிரில் உட்கார்ந்தாள்.

"எல்லாரும் ஆமென் சொன்னாங்க. எனக்கு மட்டும் வாய் தொறக்கலிங்க."

"ஏன்?"

"நாந்தானேங்க ஒங்களுக்குத் தண்ணி புடிச்சுக் குடுத்தேன்."

கோபம் வந்தது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது உங்களுக்குத் தெரியும். "அப்ப கூடைய தூக்கிட்டுப் போறியா?" என்று கத்தினேன். அவள் நிதானமாகச் சொன்னாள்: "போறேங்க. முட்டி வலிக்கும், அவ்வளவுதானே." நான் கஞ்சியைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தேன்.

மறுநாள் காலையில் பஸ் ஏறி அந்தப் பீலிக்குப் போனேன். அங்கே தண்ணீர் அதுபாட்டுக்கு விழுந்துகொண்டிருந்தது. நாம் பாடிய பாட்டுகள் காதுக்குள் கேட்டன. அதுவரை நான் செய்த ஜெபமெல்லாம், என் பொய்யை அவர்கள் நம்ப வேண்டும் ஆண்டவரே என்பதுதான். வெட்கக்கேடு. அன்றைக்குத்தான் வேறு மாதிரிக் கேட்டேன். லொறி போனாலும் போகட்டும், உண்மையைச் சொல்ல எனக்கு வாயைத் தாரும், என் மனைவியை மட்டும் கைவிடாதேயும் என்று கேட்டேன். பாரம் இறங்கிய லொறி மாதிரி உடம்பு லேசாக இருந்தது.

அடுத்த வாரம் இன்ஜினியர் வந்தார். மகள் வயதுள்ள ஒரு சிங்களப் பெண். இந்தப் பிள்ளை என்ன பார்க்கப் போகிறது என்று மனதுக்குள் நினைத்தேன், அதற்கும் ஆண்டவர் என்னை மன்னிக்கட்டும். அவர் பேச ஆரம்பிக்கும் முன்பே எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொல்லிவிட்டேன்: "மிஸ், நான் பொய் சொல்லிட்டேன். தண்ணி ஊத்தினேன். ஒவ்வொரு தடவையும் ஊத்தினேன்."

பக்கத்தில் நின்ற போர்மனின் முகம் மலர்ந்தது. நான் தொலைந்தேன் என்று நினைத்தேன்.

அந்தப் பெண் குறிப்பேட்டை மூடவில்லை. "எவ்வளவு ஊத்தினீங்க?" என்று கேட்டார்.

"ஏத்தத்துக்கு ஒரு போத்தல்."

"எப்ப இருந்து?"

"வாங்குன முதல் வாரத்துல இருந்தே."

அவர் போர்மனைத் திரும்பிப் பார்த்து, "புது இன்ஜின்ல ஒரு கப் கூடக் குறையக் கூடாது. கீழ எங்கயும் ஒழுகின அடையாளமும் இல்ல. அப்ப இவ்வளவு தண்ணியும் எங்க போச்சு?" என்றார்.

முதல் சர்வீஸுக்கு இதே கராஜுக்கு வந்தபோது, தண்ணீர் குறைகிறது என்று நான் முறையிட்டதும் அப்போதுதான் ஞாபகம் வந்தது. புது வண்டி, போகப் போகச் சரியாகும் என்று இதே போர்மன்தான் கூலன்ட் நிரப்பி அனுப்பினார். இவ்வளவு நாளும் அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. தண்ணீர் என்ற பேச்சை எடுத்தாலே என் பொய் வெளியே வந்துவிடும் என்ற பயம் வாயைக் கட்டியிருந்தது. இப்போது அதையும் சொன்னேன். இன்ஜினியர் கராஜின் சர்வீஸ் பதிவைத் தேடி எடுத்தார். அதிலே இருந்தது, தண்ணீர் குறைவு, நிரப்பப்பட்டது என்று.

இன்ஜினைக் கழற்றினார்கள். மேல் பாகத்தில், சிலிண்டருக்குப் பக்கத்தில், முடி மாதிரி ஒரு வெடிப்பு. அதன் வழியாகத்தான் தண்ணீர் உள்ளே கசிந்து வெள்ளைப் புகையாகப் போயிருக்கிறது. வார்க்கும்போதே வந்த குறை, தண்ணீர் ஊற்றியதால் வந்ததல்ல என்று அந்தப் பெண் எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஐந்து வாரத்தில் வாரண்டியிலேயே புது இன்ஜின் வந்தது. போகும்போது அவர் சிரித்துக்கொண்டே, "இனிமே அதுக்குத் தாகம் எடுத்தா எங்களக் கூப்பிடுங்க" என்றார்.

யோசித்துப் பாருங்கள். எந்தத் தண்ணீர் என்னைக் கெடுத்துவிடும் என்று ஒளித்து வைத்தேனோ, அந்தத் தண்ணீரை வைத்தே ஆண்டவர் என்னைக் காப்பாற்றினார். நான் பொய்யிலேயே நின்றிருந்தால், வெளுத்த கூலன்டைப் பார்த்துவிட்டு அந்தப் பெண் பகல் ரயிலுக்குப் போயிருப்பார். நீங்கள் எனக்கு நியாயம் கிடைக்க ஜெபித்தீர்கள். முதலில் என்னை நியாயமானவனாக்கிவிட்டுத்தான் ஆண்டவர் அதைக் கொடுத்தார். அந்த வெள்ளிக்கிழமை பசியோடு நின்ற ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்கிறேன். உங்களில் யாருக்காவது இப்படி ஒரு ஒளித்துவைத்த தண்ணீர் இருந்தால், ஜெபத்தில் அதையும் அவர் முன்னால் கொண்டுபோய் வையுங்கள். பயப்படாதீர்கள். அதற்குள்ளேதான் உங்கள் உதவி இருக்கலாம்.

இப்போதும் அந்தப் பீலியில் நிற்கிறேன். முகம் கழுவுவேன், நானே ஒரு போத்தல் குடிப்பேன், லொறிக்குக் கொடுப்பதில்லை. போன வாரம் ஸ்டெல்லாவும் கூட வந்தாள். நம் பழைய பாட்டில் ஒன்றை மெதுவாகப் பாடினோம். பிறகு நான் கண்ணை மூடி நன்றி சொல்லி முடித்தேன். பாறையெல்லாம் எதிரொலிக்கிற மாதிரி அவள் சொன்னாள், ஆமென்.